கப்பலில் வந்ததுகளுக்கும் ஒரு மடை

முதலாம் நாள்: திருகோணமலை

ஆடி மாதக் கச்சான் காற்று ஊரைப் புரட்டி எடுக்கிறது. கோட்டை வாசலில் இறங்கிச் சுவாமிமலைக்கு ஏறும்போது ஒரு கை சேலைத் தலைப்பிலும் மறு கை அர்ச்சனைத் தட்டிலுமாகத்தான் நடந்தேன். வழியோரம் மான்கள் படுத்திருந்தன. கீழே கடல் வெள்ளையாய் நுரைத்துக் கிடந்தது.

நான் பிறந்து வளர்ந்தது உப்புவெளியில். கலியாணமாகி யாழ்ப்பாணம் போய் இருபத்தெட்டு வருடமாகிறது. தமிழ் படிப்பித்து, போன தை மாதம் ஓய்வு பெற்றேன். இந்தமுறை வந்தது உறவுக்காரரைப் பார்க்க அல்ல. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருக்கும், இலங்கையின் பழங்குடிகளான வேடரின் கிராமங்களுக்குப் போக. என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி சம்பூரில் இருக்கிறாள், அவள் வீட்டில்தான் தங்கல். ஒவ்வொரு நாளும் இரவில் அன்றன்றைக்குக் கண்டதை எழுதிப் போடுவேன்.

கோட்டை வாசல் கல்லைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இரட்டைக் கயலும் தமிழ் எழுத்துமாக இருக்கும் அந்தக் கல்லை ஊரில் அறியாதவர் இல்லை. முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று அதில் வருகிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், இடையில் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இது தாய்ப்பாலோடு வரும் கதை. நானும் வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

இன்றைக்கு அந்தக் கல்லுக்கு எதிரே நின்றபோது ‘முன்னே’ என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. குளக்கோட்டனுக்கு முன்னே? அந்த அரசன் குளம் கட்டினான், கோயில் கட்டினான், தொண்டு செய்யத் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் இந்தியக் கரையிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினான் என்று ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய நூல் சொல்கிறது. வந்து இறங்கியவர்கள் இங்கே யாரைக் கண்டார்கள்? சின்ன வயதில் இந்தக் கதையை எனக்குச் சொன்ன எவரும் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளும் கேட்கவில்லை, கேட்கும்படி நான் படிப்பிக்கவுமில்லை.

சோற்றை அள்ளி அள்ளித் தின்றால் அம்மா ஏசுவா: “வேடனைப்போலத் தின்னாத.” தலை வாராமல் பள்ளிக்குப் போனாலும் அதே பேச்சுத்தான். அதே அம்மாதான் வெள்ளிக்கிழமைகளில் நாயன்மார் வரிசைக்கு முன்னால் என்னை நிறுத்தி, கண்ணப்பரைக் காட்டி, கண்ணைப் பிடுங்கி அப்பிய அன்பைச் சொல்லிக் கண்கலங்குவா. வள்ளி வேடர் வீட்டுப் பிள்ளை என்றும் சொல்லித் தந்தா. பாட்டிலும் புராணத்திலும் வேடரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய வீடு எங்களுடையது. குடாவுக்கு அக்கரையில் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது.

இரண்டாம் நாள்: மூதூருக்கு

நாங்கள் சிறுவராக இருந்தபோது மூதூர் என்றால் லோஞ்ச் பயணம். தரைவழியாகப் போனால் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். (மற்ற ஊர்க்காரருக்காக: வாகனத்தையும் ஆட்களையும் ஆற்றுக்கு அப்பால் ஏற்றிப்போகும் மிதவையை இங்கே ‘பாதை’ என்போம்.) 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது பஸ் நிற்காமல் ஓடுகிறது.

கங்கைப் பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்தேன். இங்கே கங்கை என்று நாங்கள் சொல்வது மகாவலியை. மலைநாட்டிலிருந்து வந்து இந்தக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. 1977க்குப் பிறகு துரித மகாவலித் திட்டம் என்று மேலே அணைகள் கட்டினார்கள். 1983இல் மாதுறு ஓயாக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கியதும், தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடித் தேன் எடுத்த உள்நாட்டு வேடர் ஒரே நாளில் தங்கள் காட்டுக்குள்ளேயே அத்துமீறுகிறவர்களாகிவிட்டார்கள். கெனானிகலைக் குடியேற்றத்துக்குப் பல குடும்பங்கள் போயின. தம்பானைக் கிராமத்தை விட்டு நகரமாட்டேன் என்று வேடர் தலைவர் திசாஹாமி நின்றார். சிங்களம் பேசும் அந்த வேடரைப் பற்றி நாட்டுக்கே தெரியும், பாடப்புத்தகத்தில் படமும் இருக்கிறது. அதே ஆற்றின் இந்தக் கடைசி முனையில் தமிழ் பேசும் வேடர் இருப்பது தெரிந்தவர்கள் குறைவு.

மூதூரில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர் உள்ளூர் முஸ்லிம் அண்ணன், ‘நானா’ என்போம். “வெள்ளைக்காரன் மரம் இருந்த இடத்தையும் பார்த்திட்டுப் போவமா தங்கச்சி?” என்று அவரே கேட்டார்.

‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து இந்தக் குடாவில் ஒதுங்கியது. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் மகன் ரொபர்ட் நொக்சையும் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நொக்ஸ் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக இருந்து 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிடிபட்ட இடம் என்று ஊரார் காட்டுவது புளியமரம் நின்ற இந்த இடத்தை. இங்கே பத்து நிமிடம்தான் நின்றோம்.

ஆனால் நொக்ஸ் எழுதிய ஒரு செய்தி நாள் முழுக்க என்னோடேயே வந்தது. வேடருக்கு அம்பு முனை வேண்டுமென்றால் இரவில் கொல்லன் பட்டறைக்கு வருவார்களாம். அம்பு எந்த வடிவத்தில் வேண்டுமோ அந்த வடிவத்தில் ஓர் இலையை நறுக்கி, கொஞ்சம் இறைச்சியோடு தொங்கவிட்டுப் போவார்களாம். கொல்லன் செய்து வைத்தால் மறுபடி இறைச்சி வரும். செய்யாவிட்டால் இருட்டில் அம்பு வரும். ஆளை ஆள் பார்ப்பதில்லை, பேச்சும் இல்லை.

இதை எல்லோரும் காட்டு மனிதரின் பயம் என்றே விளக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியிலிருந்து எது வரலாம், எவ்வளவு வரலாம், எந்த நேரத்தில் வரலாம் என்பதை அவர்களே வைத்திருந்த காலம் அது. இரும்பு வேண்டும், இரும்புக்காரன் வேண்டாம். அந்த இலையை நறுக்கிய கை தன் கணக்கில் தெளிவாக இருந்த கை. பின்னாளில் காடும் பள்ளியும் அரச கச்சேரியும் வேறு கைகளுக்குப் போனபோது, எது வரலாம் என்று தீர்மானிக்கிற உரிமையும் கூடவே போய்விட்டது.

நானா ஓட்டோவை நிறுத்தி வெற்றிலை வாங்கினார். “நாளைக்குப் போற இடத்துக்கு வெறுங்கையோட போகப்படாது” என்றார்.

மூன்றாம் நாள்: மூதூர் கிழக்கு

நல்லூர், பாட்டாளிபுரம், சந்தோசபுரம், இலக்கந்தை என்று காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. எந்த ஊரில் நான் இருந்தேன் என்று எழுதமாட்டேன். 

சிநேகிதியும் கூட வந்தாள். அவளுடைய ஊரையே 2006இல் எறிகணை துரத்தியது. 2007இல் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமானது. கிளிவெட்டி முகாமில் தகரத்தின் கீழ் வருடக்கணக்காகக் கிடந்து, 2015க்குப் பிறகுதான் தன் வளவில் கால் வைத்தாள். “காணி போறது என்னெண்டு எங்களுக்குத் தெரியும்தானே, அதால இவங்களோட கதைக்கிறது எனக்கு லேசு” என்றாள். ஊருக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே அவள் குரல் தணிந்துவிட்டது.

எங்களை உட்கார வைத்தது ஒரு பெத்தா (பாட்டி). எண்பதை எட்டியிருப்பா. காது தோள் வரை தொங்குகிறது. வெற்றிலைச் சரையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“எங்க இருந்து மகள் வாறீங்க?”

“உப்புவெளி பெத்தா. இப்ப யாழ்ப்பாணம்.”

“அங்காலப் பக்கமா. நான் திருகோணமலைக்கே மூணுதரம்தான் போயிருக்கன். மூணும் ஆசுபத்திரிக்கு.”

பெத்தாவின் ஊர் கடலையும் காட்டையும் ஒன்றாக நம்பி வாழ்ந்த ஊர். கச்சான் காலத்தில் தேன். மழைக்குக் காடழித்துச் சேனை செய்து குரக்கனும் சோளனும். பஞ்சத்தில் குளத்தில் இறங்கி அல்லிக்கிழங்கு. பெண்கள் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துக் கழுத்தில் கட்டிய பையில் போடுவார்கள். வலையும் இல்லை, தோணியும் இல்லை. இன்றைக்கும் பெத்தாவின் மருமகள் அப்படித்தான் போகிறா. போகும் இடம்தான் சுருங்கிவிட்டது. காட்டுப் பக்கம் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், தேனுக்குப் போன பொடியனைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். கடல் பக்கம் பெரிய எஞ்சின் வள்ளங்கள் வந்து வளைக்கின்றன. நடுவில் மிச்சமிருப்பது கூலி வேலை, விறகு, வெளியூர் வயலில் அறுவடை.

இதெல்லாம் நான் எதிர்பார்த்துப் போனவை. எதிர்பாராதது மத்தியானம் நடந்தது.

பெத்தாவின் பேத்தி பத்தாம் வகுப்பு. மூலையில் குந்தி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் பிடிக்குமா என்று கேட்டேன், ஆசிரியை வாய் சும்மா இருக்காது. அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “பிடிக்கும். ஆனா வேற ஊர்ப் பிள்ளைகள் பக்கத்தில இருக்காதுகள். வேடப் பிள்ளை எண்டு சொல்லுங்கள்.”

சொன்ன பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள். நான் படிப்பித்த பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள். “வேடனைப்போலத் தின்னாத” என்று சொல்லி வளர்த்த வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள்.

பெத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்று இருக்கிறது. பேத்தியின் பத்திரத்திலும் அதுவே. பத்திரத்தில் தமிழர், பள்ளிக்கூட வாங்கில் வேடர். 1911 குடித்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 5,000க்கு மேல் வேடரைக் காட்டியது. 1953இல் 803 பேர். 1963இல் 400 அளவில். அடுத்து வந்த கணக்கெடுப்புகளில் தனி நிரலே இல்லாமல் ‘ஏனையோர்’ என்பதற்குள் போய்விட்டார்கள். அத்தனை பேரும் செத்துப்போகவில்லை. சிங்களம் பேசியவர் சிங்களவராக எழுதப்பட்டார், தமிழ் பேசியவர் தமிழராக எழுதப்பட்டார். பேனா பிடித்தவர் கேட்டது என்ன பாசை என்று மட்டும்தான்.

எங்கள் மொழியை இன்னொரு மொழி விழுங்குகிறது என்று வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட்டவள் நான். அரச கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பியவள். இந்தத் திண்ணையில் விழுங்கிய மொழி எங்களுடையது. அதை யாரும் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. பெத்தா அழகான தமிழ் பேசுகிறா, என் தமிழைவிடச் செழிப்பாகக் காட்டையும் மீனையும் மரத்தையும் பெயர் சொல்கிறா. தமிழ் இன்று அவவுடைய மொழிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னே இருந்தது எது என்று கேட்டபோது பெத்தா வெற்றிலையை மென்றுகொண்டே கையை விரித்தா. “அது மந்திரத்தில கிடக்கு மகள். வாயில இல்ல.”

மந்திரம் தெரிந்தவர் பெத்தாவின் தமையன். நாளை பின்னேரம் வரச் சொன்னார்.

இரவு சிநேகிதி வீட்டு முற்றத்தில் கிடந்து இதை எழுதுகிறேன். 2007இல் ஐக்கிய நாடுகளின் பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. நிலத்தைப் பற்றி உறுதியாகப் பேசும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 169ஆம் சமவாயத்தை ஏற்கவில்லை. வாக்களிக்க ஒரு கை போதும். எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்தப் பலர் இறங்க வேண்டும், அந்தப் பலரில் நாங்களும் இருக்க வேண்டும் என்று சிநேகிதியிடம் சொன்னேன். அவள் ஓம் என்றாள்.

நான்காம் நாள்: வெருகலும் அந்திப் பேச்சும்

காலையில் வெருகல். ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் தங்கிப்போகும் இடம். கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருப்பதால் கூட்டமில்லை. கும்பிட்டோம், திருநீறு வாங்கினோம், ஆற்றில் கால் நனைத்தோம்.

திரும்பும்போது நானா கேட்டார், “வள்ளி இவங்கட ஆள்தானே தங்கச்சி? அப்ப சாமி இவங்களுக்கு மருமகன் முறையெல்லா?” எனக்கு அது மனதில் தைத்தது. பெண் கொடுத்த வீட்டுக்கு முதல் மரியாதை செய்வது எங்கள் வழக்கம்.

பின்னேரம் பெத்தாவின் தமையன் மூத்தப்பா வீட்டுக்குப் போனோம். நெடிய மனிதர், பார்வை ஒரு கண்ணில் மட்டும். இளமையில் சடங்கு நடத்தும் கட்டாடியாராக இருந்தவர். ஊருக்குள் இப்போது பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது, கல்லால் கட்டியது. கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பங்களும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடுகிற சத்தம் கேட்கும். மூத்தப்பாவின் மகனே சபைக்குப் போகிறார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. “நோய்வருத்தத்துக்கு வந்து பார்த்தவங்க அவங்கதான், நாம ஆரும் போகல்ல” என்றார். அந்த ‘நாம’ என்பதில் நானும் அடங்கினேன்.

மிஷனரிமார் வந்தது புதிதல்ல. 1840களில் மட்டக்களப்பிலிருந்த மெதடிஸ்த பாதிரிமார் வேடரிடையே ஊழியம் செய்தார்கள், வேடரை ஓரிடத்தில் குடியிருத்த அரசாங்கமும் முயன்றது. எல்லோரும் வந்தது எதையாவது கொடுக்க. எடுத்துப் போனதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சடங்கு பற்றிக் கேட்டேன். காட்டோரம் பந்தல் போட்டு, மடை (படையல்) வைத்து, ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிடுவார்கள். செத்துப்போன முன்னோர் வருவார்கள். குமார தெய்வம் வரும். உரு வந்தவரின் வாயில் அவர்களுக்கே முழுதும் விளங்காத சொற்கள் வரும். அதுதான் பெத்தா சொன்ன மந்திரத்தில் கிடக்கிற பேச்சு.

“அதுக்குப் பிறகு கப்பல் பேய்” என்றார் மூத்தப்பா.

செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வில் கரையோர வேடருக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது, கப்பல் பேய்ச் சடங்கு அதிலும் வருகிறது. வாசித்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதரின் வாயிலிருந்து, கடற்காற்று வீசுகிற முற்றத்தில் கேட்பது வேறு.

“அதுகள் கடலுக்கு அப்பாலிருந்து வந்ததுகள் மகள். கப்பலில. எங்கட ஆக்களில்ல. எங்களுக்கு அதுகள்ற பாசையும் தெரியா. ஆனா வந்திட்டுதுகள். வந்ததுகளுக்கும் ஒரு மடை வைக்கோணும். வைக்காட்டி வருத்தம் வரும்.”

“எந்த ஊர்க் கப்பல் மூத்தப்பா?”

“எல்லாக் கப்பலும்தான்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்தக் குடாவுக்கு வராத கப்பல் எது? சோழ நாட்டுக் கலம், போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், நொக்சின் ‘ஆன்’, ஆங்கிலேயக் கடற்படை. 1942 சித்திரையில் குண்டு போட்ட யப்பானியனும் கடல்வழி வந்த கப்பல்களிலிருந்துதான் பறந்து வந்தான். நாங்கள் வந்தவனைக் கல்லில் எழுதி நினைவில் வைத்தோம். இவர்கள் வந்தவனைப் பேயாக்கி, பந்தலில் கடைசியாக ஓர் இடம் ஒதுக்கி, சோறு வைத்து, போ என்று சொல்லி அனுப்பினார்கள். கோட்டை வாசலில் இருப்பதற்குச் சற்றும் குறையாத வரலாறு இது. வெள்ளைக்காரனை மட்டுமல்ல, என் முன்னோரையும் சேர்த்து எழுதிய வரலாறு. முதலில் வந்த கப்பலில் இருந்தவர்கள் நாங்களாகவும் இருக்கலாம்.

கடைசியாகச் சடங்கு நடந்தது எப்போது என்றேன். விரலை மடக்கி எண்ணினார். சண்டைக்கு முன்னால், சுனாமிக்கும் முன்னால். 2004க்குப் பிறகு பந்தல் போடவில்லை. சேர்ந்து பாட ஆளில்லை, சடங்கு போட்ட இடம் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. உடுக்கு மட்டும் கூரையில் செருகிக் கிடக்கிறது. எடுத்துக் காட்டினார், தோல் கிழிந்திருந்தது.

எழுதப்போகிறேன் என்று சொன்னேன். யோசித்தார். “எழுதுங்க. வேடர் இருக்கிறாங்க எண்டு எழுதுங்க. ஊர்ப்பேரையும் தேன் எடுக்கிற வழியையும் போடாதீங்க. போன வருசம் ஒராள் படம்பிடிச்சுப் போட்டதில ரெண்டு வான் நிறைய ஆக்கள் வந்து கூட்டையெல்லாம் வெட்டிப்போட்டாங்க.”

நொக்ஸ் காலத்து அந்த இலை நினைவுக்கு வந்தது. இதற்குமேல் எந்த அடையாளமும் இந்தப் பதிவில் வராது.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

காலையில் மழைக்கோலம் காட்டிவிட்டுப் பெய்யாமல் போய்விட்டது. பஸ்ஸுக்குப் போகுமுன் பெத்தாவிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று போனோம். பெத்தா களப்புக்குப் போன மருமகளுக்காகக் காத்திருந்தா. இறால் கொண்டுபோகச் சொல்லிக் கட்டாயப்படுத்தினா. யாழ்ப்பாணம் போய்ச் சேர முன் பழுதாகிவிடும் என்றதும், கருவாடாவது கொண்டு போ என்று உள்ளே போனா.

அந்த நேரம் பேத்தி கொப்பியோடு வந்தாள். அன்றைக்கு மூலையில் குந்தி எழுதிக்கொண்டிருந்த அதே கொப்பி.

“டீச்சர், இதைப் பார்த்துத் தாறீங்களா?”

பாடக் கட்டுரை என்றுதான் வாங்கினேன். இல்லை. மூத்தப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போயிருந்து, மந்திரத்தில் வரும் சொற்களை அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். பக்கத்தில் மூத்தப்பாவுக்குத் தெரிந்த பொருள். தெரியாத இடத்தில் ஒரு கோடு. கோடுகள்தான் அதிகம். சில சொற்களில் சிங்களச் சாயல், சிலவற்றில் தமிழ், சில எதிலும் சேராதவை. தமிழ் எழுத்தில் அடங்காத ஓசைகளுக்கு மேலே புள்ளி வைத்தும் வளைத்தும் தானே குறி போட்டிருக்கிறாள். நான்கரைப் பக்கம்.

“யார் எழுதச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல்ல. மூத்தப்பாக்கு இருமல் கூடிட்டுது, அதான்.”

“இதில நான் என்ன பார்க்கிறது மகள்?”

“எழுத்துப்பிழை இருக்கா எண்டு.”

முப்பது வருடமாக என் கைப்பையில் சிவப்புப் பேனா இருக்கிறது, இன்றைக்கும் இருந்தது. திண்ணையில் இருந்து நான்கரைப் பக்கத்தையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லையும் எப்படி உச்சரிப்பது என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். நான் பிழையாகச் சொன்ன இடங்களில் அவள் திருத்தினாள். நானா இரண்டுதரம் ஹோர்ன் அடித்தார்.

பேனாவை எடுக்காமலே கொப்பியை அவளிடம் கொடுத்தேன். பெத்தா தந்த கருவாட்டுச் சரையை வாங்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.